சுவருக்கு அந்தாண்ட

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே இப்போது ஒரு முள்வேலிகூடக் கிடையாது. என் மாடு அந்தப் பக்கம் போய் மேய்கிறது. அப்பாதுரையின் கோழி இந்தப் பக்கம் வந்து கிளறுகிறது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், "இன்னாக்கா, ஒரு காம்பவுண்டு போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறும். "ஒன் வேலையப் பாத்துகினு போ" என்று சொல்லிவிடுவேன். அப்புறம் பாவமாக இருக்கும். நேற்றுப் பால் காய்ச்சியவர்களுக்கு என்ன தெரியும்?

அங்கே ஒரு சுவர் இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே. மேற்குத் தாம்பரத்தில் அப்படிப்பட்ட சுவர் எந்தப் பணக்காரன் வீட்டுக்கும் கிடையாது. நாசமாய்ப் போன சுவர்.

பெருங்களத்தூருக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே இருக்கிற இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் எங்கள் நஞ்சை. தாம்பரம் வளர்ந்து வளர்ந்து எங்கள் வரப்பில் வந்து இடித்தபோது, எல்லாரையும் போல என் வீட்டுக்காரர் ஏகநாதனும் கல் நட்டு மனை போட்டார். கடைசி மனை பள்ளம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகிற வாய்க்கால் அதன் நடுவில்தான் ஓடியது. அதைத் தூர்த்து, நாலு லோடு மண் அடித்து மனை என்றார். யாரும் சீந்தவில்லை. கடைசியில் அப்பாதுரையும் செல்வமேரியும் வந்தார்கள். காலனியிலிருந்து வந்த வேதக்காரர்கள். ஊர்ப் பெரியவர் பக்தவச்சலம், "போயும் போயும் அவங்களுக்கா வித்தே?" என்று என் வீட்டுக்காரரோடு பேச்சையே நிறுத்தினார். மேட்டு மனையை அவர்களுக்கு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செல்வமேரி முதல்நாளே குடத்தோடு என் கிணற்றடிக்கு வந்து நின்றாள். "யக்கா, ஒரு கொடம் மொண்டுக்கட்டா? வேணாம்னா சொல்லிடு, நான் ஒண்ணும் அயுதுகினு போவ மாட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொண்டுக்கோ, ஆனா வாயை மூடிகினு மொண்டுக்கோ" என்றேன். அவளா வாயை மூடுவாள்? எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைக்கிற வேலை அவளுக்கு. நாள் பூராவும் சூப்பர்வைசருக்குப் பயந்து பேசாமல் இருந்ததையெல்லாம் சாயந்தரம் என் வாசலில் வந்து கொட்டுவாள். என் வீட்டுக்காரரை மாமா என்பாள். அவர் சாப்பிடுகிற நேரம் பார்த்து, "மாமா, கருவாட்டுக் கொயம்பு கீது, ஊத்தட்டா?" என்று வேலிக்கு மேலே கிண்ணத்தை நீட்டுவாள். அப்போது அங்கே வேலிதான்.

அப்பாதுரை கொத்தனார். நல்ல வேலைக்காரன், அதிகம் பேசமாட்டான். கல்யாணமான மறுவருஷம் மாலத்தீவுக்குப் போனான். எண்பத்தேழில் கடல் பொங்கி அந்த ஊர்த் தலைநகரத்துக்குள்ளேயே வந்துவிட்டதாம். இனிமேல் வரக்கூடாது என்று தீவைச் சுற்றிச் சுவர் கட்ட ஆள் எடுத்தார்கள். அவன் போன பிறகு அவன் குரல்தான் வரும், கேசட்டில். எங்கள் வீட்டில் டூ-இன்-ஒன் இருந்ததால் மேரி இங்கே கொண்டுவந்துதான் போடுவாள். நான் அடுப்படிக்குப் போகிறேன் என்று எழுந்தாலும் விடமாட்டாள்.

"மேரி, கேக்குதா? இந்த ஊரு நம்ம தாம்பரம் ஸ்டேஷன்லேர்ந்து சானடோரியம் போற தூரந்தான். அத்தோட முடிஞ்சுது. அப்பால நாலு பக்கமும் கடல். மேடுன்னு ஒண்ணே கெடையாது. தண்ணி வந்தா ஏறி நிக்க ஒரு குன்றத்தூர் மலைகூட இல்ல. ரெண்டடி தோண்டினா தண்ணி. ஒரு பெரிய அலை வந்தா போதும், ஒரு தேசமே இருக்காது. அதான் நாலு கால் வச்ச காங்கிரீட் கட்டையா வார்த்து, ஒண்ணு மேல ஒண்ணு கோத்துக் கடல்ல போடறோம்."

இப்படிப் பேசுவான். ஒரு கேசட்டில் அவன் சொன்ன ஒன்று மட்டும் என் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அவனோடு வேலை பார்த்தவன் ஒருத்தன் பக்கத்துத் தீவுக்காரனாம். அவர்கள் தீவில் படகு நிற்க ஒரு பக்கம் கல்கட்டு கட்டினார்களாம். மறுபக்கம் மணலெல்லாம் கரைந்து, தென்னை மரங்கள் ஒவ்வொன்றாகக் கடலில் சாய்கிறதாம். "தண்ணி எங்கியாவது போய்த்தானே ஆவணும்னு அவன் சொல்றான், மேரி" என்றான் அப்பாதுரை. மேரி அதைக் கேட்டுவிட்டு, "பொண்டாட்டிக்கு டேப்புல பேசற பேச்சாக்கா இது?" என்று டேப்பை நிறுத்தினாள். சிரித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது தண்ணீர்க் கதையா?

அவன் தொண்ணூற்று மூன்றில் திரும்பி வந்தான். கறுத்து, மெலிந்து, மழை மேகத்தைப் பார்த்தால் எழுந்து வாசலுக்கு வருகிற ஆளாக வந்தான். ஒருமுறை அங்கே புயல் நாளில் கடல் வீட்டுக்குள் வந்து, இரவெல்லாம் தண்ணீர்த் தொட்டி மேலே உட்கார்ந்திருந்தானாம். அந்தப் பயம் அவன் எலும்பில் ஏறிவிட்டது. மேரி சந்தோஷமாக இருந்தாள், அது எனக்குப் போதுமாக இருந்தது. ஐந்து வருஷம் ஒற்றைத் தட்டு கழுவியவள், இப்போது இரண்டு தட்டு கழுவுகிற சத்தத்தை எனக்குக் கேட்கவேண்டுமென்றே உரக்கக் கழுவுவாள்.

அடுத்த தை மாசம் சுவரை ஆரம்பித்தான். செங்கல்லை அடுக்கி, இரண்டு பக்கமும் காங்கிரீட் பூசி, மனையைச் சுற்றி நாலு பக்கமும் எழுப்பினான். தெருப்பக்கம் இரும்புக் கேட், அடியில் பலகை சொருகி அடைக்கிற மாதிரி. எல்லாரும் சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பார்கள். இவன் தீவிலிருந்து கொண்டுவந்த சோழியைப் பதித்தான். வெயிலில் வெள்ளை வெளேரென்று பல்வரிசை மாதிரி மின்னும்.

எங்கள் பக்கத்துச் சுவர் எழும்பும்போதே நான் கேட்டேன். "அப்பாதொர, அடியில ஒரு ஓட்டையாவது வுடுப்பா. ஏரித் தண்ணி இந்த வயிதான் போவும்."

"ஓட்ட வச்ச சுவரு சுவரே இல்லக்கா. அதுல பூந்துதான் எல்லாம் வரும்."

"தண்ணி எங்கியாவது போய்த்தானே ஆவணும்? நீயே டேப்புல சொன்னியே."

அவன் கரணையால் பூச்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மேரிதான் கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கையைப் போட்டாள். "நீ ஏங்கா பேஜார் பண்ணிக்கிற? அப்பிடி ஒண்ணு வந்தா நானே ஒடச்சி வுட்டுட்றேன். கடப்பாரை எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவனே சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அவள் பேச்சை யார் அப்போது பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்?

அதே வருஷம் சித்திரையில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கை வராது, கால் வராது, பேச்சும் போயிற்று. ஆள் மட்டும் மலை மாதிரி. புரட்டிப் படுக்கவைக்க நானும் மேரியும் சேர்ந்தால்தான் முடியும். கம்பெனிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை, சுவரைச் சுற்றிக்கொண்டு தெருவழியாக வருவாள். "மாமா, இன்னிக்கி யாரக் கண்ணடிச்சே?" என்று கேட்பாள். அவர் சரியாக இருக்கிற பக்கத்து உதட்டால் சிரிப்பார். அவள் ஒருத்திக்குத்தான் சிரிப்பார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாத மழை. மூன்றாம் நாள் விடியும்போது வண்டலூர் ஜூ பக்கமிருந்து சிங்கம் கத்துகிற சத்தம் கேட்டது. நான் கட்டிலை விட்டு இறங்கினேன், கால் தண்ணீரில் பட்டது.

ஏரி வழிந்து வருகிறது என்று புரிந்துவிட்டது. அவரைக் கட்டிலோடு சேர்த்து உயர்த்தவேண்டும். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தேன். அப்புறம் அண்டாவைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தேன். அதற்குமேல் என்ன செய்வேன்? வாசலில் வந்து பார்த்தால், எங்கள் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் நேராகப் போய் அந்தச் சுவரில் மோதி, போக வழி தெரியாமல் திரும்பி எங்கள் வீட்டுக்குள்ளேயே வருகிறது. தெருவைப் பார்த்தால் செம்மண் நிறத்தில் ஆறு ஓடுகிறது. அதில் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் நானும் மிஞ்சமாட்டேன். கத்தினேன். மேட்டுத்தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது.

சுவருக்கு மேலே அப்பாதுரையின் தலை தெரிந்தது. ஏணி போட்டு நின்றிருந்தான்.

"அப்பாதொர, ரெண்டடி ஒடச்சி வுடுப்பா. தண்ணி எறங்கிடும்."

"ஒடச்சா ரெண்டடியோட நிக்காதுக்கா. மொத்தமாப் போயிடும். எங்க வூடு பள்ளம், முங்கிடும்."

"ஒங்க மாமா கட்டிலு வரைக்கும் வந்துடுச்சிடா. எழுந்து நிக்கக்கூட முடியாத மனுசன்டா."

"வாய்க்காலத் தூத்து மனை போட்டது யாருக்கா? நானா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, நடுங்கிக்கொண்டு சொன்னான். எனக்குச் சுரீரென்றது. கேட்கிற நேரமா அது? ஆனால் பொய்யில்லையே. அதற்குள் அவனே, "கோவளத்துலேர்ந்து மீன்காரங்க படகெல்லாம் முடிச்சூர் ரோட்டுல எறக்கிகீறாங்களாம். நான் போய் ஒண்ண இட்டாறேன். மாமாவ அதுல ஏத்திடலாம். அதுவரைக்கும் தலையத் தூக்கிப் புடிச்சிக்கோக்கா" என்றான். ஏணியை மாற்றிப் போட்டு, தெருப்பக்கம் குதித்து, மின்கம்பத்தைப் பிடித்துப் பிடித்துப் போனான். அவன் போகாமல் இருந்துவிட்டான் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அவன் போனான்.

நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் கட்டிலுக்கு மேலே வந்தது. மெத்தை ஊறி, அவர் வயிற்றைத் தாண்டி மார்புக்கு வந்தது. அவர் கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பயம் என்று ஒன்றை அந்தக் கண்ணில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மேரியின் குரல் வந்தது. "யக்கா, மாமாவுக்கு எதுவரைக்கும் கீது?"

"கழுத்துக்கு வந்துடுச்சி மேரி."

அப்புறம் ணங் என்று ஒரு சத்தம். கடப்பாரை. கட்டிலை விட்டு இறங்கி, ஒரு கையால் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கத்தினேன். "மேரி, வாணாண்டி. சொவுரு ஒன் பக்கந்தான் சாயும். அவன் படகு இட்டாறேன்னு போயிகீறான், கொஞ்சம் இருடி."

"படகு வரச்சே மாமா இருக்கணுமேக்கா."

"ஒன் வூடு முங்கிடும்டி."

"முங்கினா ஒன் வூட்ல வந்து படுத்துக்கறேன். சோறு போட மாட்டியா?"

அந்த நேரத்திலும் அவளுக்குப் பேச்சு. ணங், ணங் என்று அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் கட்டிய சுவர் லேசில் கொடுக்கவில்லை. நான் அழுதேன், அவளைத் திட்டினேன், மாரியாத்தாவைத் திட்டினேன். தண்ணீர் அவர் மோவாய்க்கு வந்தது. திடீரென்று அடி நின்றது. பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. அடியில் ஓட்டை விழுந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரு கணம் பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். "யக்கா, சொவுரு ஆடுது. நீ இந்தாண்ட வராத, இய்த்துகினு போயிடும். மாமா கட்டிலக் கெட்டியாப் புடிச்சிக்கோ. தள்ளிப் போயிடுக்கா."

அவளைத் தள்ளிப் போகச் சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை.

சுவர் ஒரேயடியாகப் போயிற்று. வீட்டில் இருந்த தண்ணீர் மொத்தமும் என் கால்களை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடியது. நான் ஜன்னல் கம்பியையும் கட்டிலையும் பிடித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்குகிற நேரத்துக்குள் அவர் கழுத்து தெரிந்தது, மார்பு தெரிந்தது, கட்டில் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவர் இருந்த இடத்தில் தண்ணீர். அதற்கு அப்பால் தெருமுனையில் ஒரு படகு. படகின் முனையில் அப்பாதுரை நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நின்றிருந்தான்.

படகுக்காரர்கள்தான் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, அவன் போட்ட காங்கிரீட்டை அவனே புரட்டினான். கடப்பாரை வேண்டாம் என்று கையாலேயே புரட்டினான். அவள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமுடியிலெல்லாம் சோழி.

கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டினால் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மொண்டு மொண்டு ஊற்றினார்கள், நிற்கவில்லை. பெட்டியை மாதாகோயிலிலேயே வைத்துக் காத்திருந்தோம். "அங்கியும் இப்பிடித்தான். ரெண்டடி தோண்டினா கடல் வந்துடும்" என்றான் அப்பாதுரை. அவன் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான். எனக்கு அவனை அடித்துக் கொல்லவேண்டும் போலிருந்தது. கொல்லாமல் வாயால் கொன்றேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "அங்க சொவுத்துக்கு அந்தாண்ட கடல் இருந்துச்சுடா. இங்க அந்தாண்ட நாங்க இருந்தோமேடா. ஒனக்கு அது தோணவே இல்லியாடா?"

என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். வாசல் பக்கம் கட்டிலைப் போட்டால் சுவர் போன அந்த மனையைப் பார்த்து ஒரு கண்ணால் அழுவார். உள்ளே போட்டால் கையை ஆட்டி வாசலைக் காட்டுவார். எங்கே போடுவது என்று தெரியாமல் நானும் அழுவேன். அவரை யாராலும் அப்புறம் சிரிக்கவைக்க முடியவில்லை.

அப்பாதுரை என்ன செய்தான் தெரியுமா? மிச்சமிருந்த மூன்று பக்கச் சுவரையும் இடித்தான். அந்தச் செங்கல்லைக் கொண்டே, தன் மனையின் நடுவில் வாய்க்கால் வெட்டிக் கட்டினான். நாங்கள் தூர்த்த அதே இடத்தில். அவன் வீட்டுச் சமையலறையையே பாதியாக இடித்துத்தான் அதற்கு இடம் விட்டான். பக்தவச்சலம் வந்து நின்று பார்த்து, அவனிடம் சொல்லிவிட்டுத் தன் ஆட்களை அனுப்பி மேலே ஏரி வரைக்கும் தூர் எடுத்துக் கொடுத்தார். அவர் அவனோடு பேசியது அதுதான் முதல் தடவை. மேட்டுத்தெரு பூராவும் அந்த வாய்க்காலால் இன்றைக்குக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே தீவில் இன்னும் சுவர் வேலை இருக்கிறது, வா என்று கம்பெனி ஆள் தேடி வந்தபோது அவன் போகவில்லை.

போன ஐப்பசியில் நல்ல மழை. சாயந்தரம் கொஞ்சம் விட்டது. வாய்க்காலில் தண்ணீர் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் கரையில் உட்கார்ந்திருந்தான். நான் கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். எத்தனை திட்டினாலும் சாப்பாட்டை நிறுத்தியதில்லை, அவளுக்காக. தண்ணீர் அரித்த இடத்தில் ஒரு சோழி கிடந்தது. எடுத்து அவனிடம் கொடுத்தேன். மழைக்காலத்தில் இன்னும் வருகிறது.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "யக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி அவ இன்னா சொன்னா?"

இத்தனை வருஷத்தில் அவன் கேட்டதே இல்லை. உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. அவள் விஷயத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

"ஒன்ன கூப்புடலப்பா. என்னத்தான் கூப்ட்டா. மாமா கட்டிலப் புடிச்சிக்கோ, தள்ளிப் போயிடுக்கான்னா."

அவன் தலையை ஆட்டினான். "அது எனக்கும் கேட்டுச்சுக்கா. படகுலேர்ந்தே கேட்டுச்சு" என்றான். சோழியில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தான். "அதுக்கப்பறம் ஏதாவது சொன்னாளான்னுதான் கேட்டேன்."

"இல்லப்பா," என்றேன். "அதுக்கப்பறம் தண்ணிதான்."

கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.